காமிரா வாங்கப் போகிறீர்களா? துளையை அளந்து பாருங்கள்!

தை மாதத்து விடியற்காலை. தூத்துக்குடிக்கு வெளியே, உப்பள வரப்பு ஒன்றின் மேல் நீங்கள் நிற்பதாகக் கற்பனை செய்து கொள்ளுங்கள். பாத்தி பாத்தியாகத் தேங்கி நிற்கிறது உப்பு நீர். சற்றுத் தொலைவில், ஆழமில்லாத நீரில் பூநாரைகள் கூட்டமாக நின்று, வளைந்த அலகைத் தலைகீழாக நீருக்குள் விட்டு இரை தேடுகின்றன. அவற்றுள் ஒன்றின் காலில் ஏதோ ஒரு வளையம் தெரிகிறது. அதில் எழுத்துகள் இருப்பது போலவும் தோன்றுகிறது. ஆனால் படிக்க முடியவில்லை. இன்னும் கொஞ்சம் நெருங்கிப் போனால்? கூட்டம் முழுவதும் சிறகடித்து எழுந்து பறந்து விடும்!

அந்த வளையம் யாரோ விளையாட்டாக மாட்டியது அன்று. பறவைகள் எங்கிருந்து எங்கே போகின்றன, எத்தனை ஆண்டுகள் வாழ்கின்றன என்று அறிவதற்காக ஆய்வாளர்கள் அவற்றைப் பிடித்து, காலில் எண்ணோ எழுத்தோ பொறித்த வளையத்தை மாட்டி, மீண்டும் பறக்க விடுகிறார்கள். 1883-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நம் கோடியக்கரையிலும் பல ஆண்டுகள் இப்பணியைச் செய்திருக்கிறது. நீங்கள் அந்த எழுத்துகளைப் படித்து, நாளையும் இடத்தையும் சேர்த்து எழுதி அனுப்பினால், அப்பறவையின் வாழ்க்கை வரலாற்றில் ஒரு வரி கூடும். படிக்காமல் விட்டால் அந்த வரி என்றென்றைக்கும் விடுபட்டுப் போகும்.

சரி, உங்கள் பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றம் இதற்காக ஒரு காமிரா வாங்க முடிவு செய்கிறது என்று வைத்துக் கொள்வோம். சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். ஒரு முறை வாங்கினால் இன்னும் பல ஆண்டுகளுக்கு வேறு வாங்க முடியாது. கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து முன்னால் வைக்கிறார். ஒன்று, சட்டைப் பைக்குள் அடங்கும் சிறிய 'சூப்பர்ஜூம்' காமிரா. பெட்டியின் மேல் '40 மடங்கு' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. மற்றொன்று, லென்ஸைக் கழற்றி மாட்டக்கூடிய 'மிரர்லெஸ்' காமிரா. கூடவே கொடுக்கும் லென்ஸில் வெறும் 3 மடங்கு ஜூம்தான். "ஆனால் படம் இதில்தான் தரமாக இருக்கும்" என்கிறார் கடைக்காரர்.

எதை வாங்குவீர்கள்? விளம்பரத்தை நம்ப வேண்டாம். இக்கட்டுரையையும் அப்படியே நம்ப வேண்டாம். ஒரே ஒரு வகுத்தல் கணக்குப் போட்டால் விடை தானே கிடைத்து விடும். எப்படி என்று பார்ப்போமா?

'மிரர்லெஸ்' என்றால் என்ன?

முதலில் பெயரில் உள்ள குழப்பத்தை நீக்கிக் கொள்வோம். செய்தியாளர்களும் திருமண வீட்டுப் படக்காரர்களும் நெடுங்காலம் பயன்படுத்தி வந்த எஸ்.எல்.ஆர். காமிராவுக்குள் ஒரு சமதள ஆடி 45 பாகை சாய்வில் பொருத்தப்பட்டிருக்கும். லென்ஸ் வழியாக வரும் ஒளியை அது மேல்நோக்கித் திருப்பி, படம் எடுப்பவரின் கண்ணுக்கு அனுப்பும். விசையை அழுத்தியதும் 'டக்' என்ற ஒலியோடு ஆடி மேலே எழும்பி வழிவிடும். ஒளி பின்னால் உள்ள ஃபிலிமிலோ மின்னணு உணர்வியிலோ விழும். அந்த ஆடியையே நீக்கிவிட்டு, உணர்வி காணும் காட்சியை நேரே ஒரு சிறு திரையில் காட்டினால் அதுவே மிரர்லெஸ் காமிரா. 2008-ஆம் ஆண்டில் ஜப்பானின் பானசோனிக் நிறுவனம் 'ஜி1' என்ற காமிராவை வெளியிட்ட பிறகு இவ்வகை வேகமாகப் பரவியது.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? நம் சிறிய சூப்பர்ஜூம் காமிராவுக்குள்ளும் ஆடி கிடையாது! எனவே ஆடி இல்லாததால் மட்டும் எந்தக் காமிராவும் நல்ல படம் எடுத்து விடாது. இரண்டுக்கும் உள்ள உண்மையான வேறுபாடுகள் இரண்டு: உணர்வியின் பரப்பு; லென்ஸின் ஒளித்துளை.

உப்புப் பாத்தியும் ஒளிப் பாத்தியும்

உணர்வி என்பது என்ன? உப்பளத்தையே நினைத்துக் கொள்ளுங்கள். பெரிய நிலம் வரப்புகளால் சிறு சிறு பாத்திகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது அல்லவா? அதுபோல, ஒரு சிலிக்கான் சில்லின் பரப்பு கோடிக்கணக்கான நுண்ணிய பாத்திகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. உப்பளப் பாத்தியில் நீர் வற்ற உப்பு சேருகிறது. இந்தப் பாத்தியில் ஒளி விழ விழ மின்னூட்டம் சேருகிறது. ஒவ்வொரு பாத்தியிலும் எவ்வளவு சேர்ந்தது என்று அளந்து எண்ணாக எழுதினால், அதுவே படம். ஒரு பாத்தி ஒரு படப்புள்ளி. பத்து லட்சம் புள்ளிகள் ஒரு 'மெகாபிக்சல்'.

கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்ற பொறியாளர் 1975-ல் உருவாக்கிய முதல் கையடக்க மின்னணுக் காமிராவில் இருந்தவை 10,000 புள்ளிகளே. ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிவு செய்ய அதற்கு 23 வினாடிகள் ஆயின. இன்று நம் முன்னால் உள்ள இரண்டு காமிராக்களிலும் 2 கோடிக்கு மேல் புள்ளிகள்! ஆகவே புள்ளிகளின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை.

ஆனால் நிலத்தின் பரப்பில் இருக்கிறது வேறுபாடு. சிறு காமிராக்களில் வழக்கமாக வரும் உணர்வி ஏறக்குறைய 6.2 மி.மீ. நீளமும் 4.6 மி.மீ. அகலமும் உடையது, பரப்பு 28 சதுர மி.மீ. அளவில் இருக்கும். பெரும்பாலான மாணவர்கள் வாங்கக்கூடிய மிரர்லெஸ் காமிராவில் 23.5 மி.மீ. நீளமும் 15.6 மி.மீ. அகலமும் உள்ள உணர்வி இருக்கிறது. பரப்பு ஏறக்குறைய 367 சதுர மி.மீ. அதாவது 13 மடங்கு! "அப்படியானால் மிரர்லெஸ்தானே சிறந்தது?" என்று அவசரப்பட்டு முடிவு கட்டி விடாதீர்கள். பாத்தி பெரிதாக இருந்தால் மட்டும் போதுமா? அதில் பாயும் நீரின் அளவை மடைவாய் அல்லவா தீர்மானிக்கிறது! காமிராவின் மடைவாய்தான் லென்ஸின் ஒளித்துளை.

40 மடங்கு என்பதன் பொருள்

துளையை அளப்பதற்கு முன், பெட்டியின் மேல் உள்ள '40 மடங்கு' என்னும் எண்ணைக் கொஞ்சம் விசாரிப்போம். கேனன் நிறுவனம் 2018-ல் வெளியிட்ட 'எஸ்.எக்ஸ். 740' என்ற சிறு சூப்பர்ஜூம் காமிராவை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் லென்ஸைச் சுற்றிப் பொடி எழுத்தில் 4.3 – 172 மி.மீ., 1:3.3 – 6.9 என்று எழுதியிருக்கும். முதல் இரண்டு எண்களும் லென்ஸின் குவியத் தொலைவைக் குறிக்கும். மிகக் குறைந்தது 4.3 மி.மீ.; மிகக் கூடியது 172 மி.மீ. 172-ஐ 4.3-ஆல் வகுத்துப் பாருங்கள். 40 வருகிறது!

ஆக, 40 மடங்கு என்பது ஒரு விகிதமே. கண்ணால் காண்பதைவிட 40 மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது அதன் பொருள் அன்று. மிரர்லெஸ் காமிராவோடு வரும் லென்ஸ் 16 – 50 மி.மீ.; விகிதம் 3 மடங்கு. தொலைவிலுள்ள பறவைகளுக்கென்றே செய்த 100 – 400 மி.மீ. லென்ஸின் விகிதம் 4 மடங்குதான். வெறும் 4! ஆனாலும் அது 40 மடங்கு லென்ஸைவிடத் தெளிவாக வளையத்தைக் காட்டும் என்று சற்று நேரத்தில் காணப் போகிறோம்.

குவியத் தொலைவு எதற்கு முக்கியம்? ஒத்த முக்கோணங்களை நீங்கள் கணக்கில் படித்திருக்கிறீர்கள். பொருளின் உயரத்தைக் குவியத் தொலைவால் பெருக்கி, பொருளின் தூரத்தால் வகுத்தால் பிம்பத்தின் உயரம் கிடைக்கும். 1.2 மீட்டர் உயரமுள்ள பூநாரை 100 மீட்டர் தொலைவில் நிற்கட்டும். 172 மி.மீ. லென்ஸ் அதன் பிம்பத்தைச் சுமார் 2 மி.மீ. உயரத்தில் விழச் செய்யும். உணர்வியின் அகலமே 4.6 மி.மீ.தான் என்பதால் பறவை ஏறக்குறைய பாதிப் படத்தை நிரப்பி விடும். மிரர்லெஸ் காமிராவின் 50 மி.மீ. லென்ஸிலோ பிம்பத்தின் உயரம் 0.6 மி.மீ.; படத்தின் உயரத்தில் 26-இல் ஒரு பங்கு. பறவை ஓர் எறும்பு போலத் தெரியும். சிறு உணர்விக்குச் சிறு லென்ஸே போதும் என்பதால்தான் 40 மடங்கு ஜூம் சட்டைப் பையில் அடங்குகிறது. இது சூப்பர்ஜூமின் கெட்டிக்காரத்தனம்.

இதோ அந்த வகுத்தல்!

லென்ஸில் எழுதியிருந்த அடுத்த இரண்டு எண்களை மறந்து விடவில்லையே? 3.3, 6.9 ஆகியவை 'எஃப் எண்கள்'. குவியத் தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். ஆகவே குவியத் தொலைவை எஃப் எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் கிடைத்து விடும். இதுவே நாம் தேடிய வகுத்தல். நான்கு லென்ஸ்களுக்கும் போட்டுப் பார்ப்போம்.

சிறு சூப்பர்ஜூம், முழு ஜூமில்: 172 ÷ 6.9 = 25 மி.மீ.
மிரர்லெஸ், கூடவே வரும் லென்ஸ், முழு ஜூமில்: 50 ÷ 5.6 = 9 மி.மீ.
மிரர்லெஸ், தனியே வாங்கிய பறவை லென்ஸ்: 400 ÷ 6.3 = 63 மி.மீ.
நிக்கான் 'பி1000' என்னும் பெரிய சூப்பர்ஜூம்: 539 ÷ 8 = 67 மி.மீ.

ஒரு மழை நாளில் வாசலில் மூன்று பாத்திரங்களை வைக்கிறீர்கள். ஒன்று சிறு குப்பி, ஒன்று டம்ளர், ஒன்று குடம். எதில் அதிக நீர் சேரும்? வாய் அகன்றதில்தான் அல்லவா? நம் பறவையிடமிருந்து வரும் ஒளியும் மழை போன்றதே. துளையின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் இருப்பதால், 25 மி.மீ. துளை 9 மி.மீ. துளையைவிட 7 மடங்குக்கு மேல் ஒளியைச் சேர்க்கிறது. அதாவது, தொலைவிலுள்ள அதே பூநாரையைப் படமெடுக்கும்போது, பெரிய உணர்வி கொண்ட மிரர்லெஸ் காமிரா, சிறு சூப்பர்ஜூமிடம் தோற்று நிற்கிறது! 63 மி.மீ. துளையுள்ள லென்ஸை மாட்டினால்தான் நிலைமை தலைகீழாகும். அப்போது மிரர்லெஸ் 6 மடங்குக்கு மேல் ஒளியைப் பெறும்.

ஒளி குறைந்தால் என்ன நட்டம்? ஒளி துகள் துகளாக வருகிறது. ஒரு பாத்தியில் சராசரியாக 100 துகள்கள் விழ வேண்டிய இடத்தில், ஒரு முறை 90 விழும், மறு முறை 110 விழும். பத்து விழுக்காடு ஏற்ற இறக்கம். 10,000 துகள்கள் விழும் இடத்திலோ ஏற்ற இறக்கம் 100 அளவில், ஒரு விழுக்காடே இருக்கும். இருட்டில் எடுத்த படத்தில் மணல் தூவினாற்போல் ஒரு சொரசொரப்புத் தெரிகிறதே, அதன் முதன்மைக் காரணம் இதுதான். எந்த மென்பொருளாலும் வராத ஒளியை வரவழைக்க முடியாது.

ஒளியே போடும் எல்லைக் கோடு

துளைக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதுவே மிகவும் சுவையானது. ஒளி ஓர் அலை. சிறிய துளை வழியே புகும்போது அலை விரிந்து பரவும். இதை விளிம்பு விளைவு என்கிறோம். அதனால் ஒரு புள்ளியின் பிம்பம் புள்ளியாக விழாமல் சிறு வட்டாக விழுகிறது. அருகருகே உள்ள இரண்டு புள்ளிகளின் வட்டுகள் ஒன்றன் மேல் ஒன்று படிந்து விட்டால் அவற்றைப் பிரித்தறிய முடியாது. எந்த அளவு நெருங்கும் வரை பிரித்தறியலாம் என்பதற்கு 1879-ல் ராலே பிரபு ஒரு விதி வகுத்தார். ஒளியின் அலைநீளத்தை 1.22-ஆல் பெருக்கி, துளையின் விட்டத்தால் வகுத்தால் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் கிடைக்கும்.

பச்சை ஒளியின் அலைநீளம் 0.00055 மி.மீ. என்று கொண்டு, 100 மீட்டர் தொலைவுக்கு நாம் கணக்கிட்டால் எளிய வாய்ப்பாடு ஒன்று கிடைக்கிறது: 67-ஐத் துளையின் விட்டத்தால் வகுங்கள், 100 மீட்டரில் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய இடைவெளி மி.மீ.-ல் வந்து விடும்!

25 மி.மீ. துளைக்கு 67 ÷ 25 = 2.7 மி.மீ.
9 மி.மீ. துளைக்கு 67 ÷ 9 = 7.4 மி.மீ.
63 மி.மீ. துளைக்கு 67 ÷ 63 = 1.1 மி.மீ.

நம் கண்ணுக்கும் போட்டுப் பார்க்கலாமே! பகலில் கண்மணியின் துளை 2 முதல் 3 மி.மீ. வரை இருக்கும். 2.5 என்று கொண்டால் 67 ÷ 2.5 = 27 மி.மீ. நல்ல பார்வையுள்ள கண், 100 மீட்டரில் ஏறக்குறைய 29 மி.மீ. இடைவெளியைப் பிரித்தறிகிறது. இயற்கை நம் கண்ணை எவ்வளவு கச்சிதமாக வடிவமைத்திருக்கிறது பாருங்கள்!

சூப்பர்ஜூமின் உணர்வியில் உள்ள பாத்திகளை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், 100 மீட்டர் தொலைவில் ஒரு புள்ளிக்கு 0.7 மி.மீ. என்று வரும். ஆனால் ஒளியோ 2.7 மி.மீ.-க்குக் கீழே போக மறுக்கிறது. அப்படியானால் பாத்திகளை இன்னும் பொடியாக வெட்டி, 2 கோடிப் புள்ளிகளை 4 கோடியாக்கினால் பயன் உண்டா? இல்லை. மங்கலான பிம்பத்தை மேலும் பல துண்டுகளாக்கியதுதான் மிச்சம். 'டிஜிட்டல் ஜூம்' என்பதும் இப்படித்தான். எடுத்த படத்தையே ஊதிப் பெரிதாக்குவதன்றி வேறில்லை.

வளையத்தைப் படிக்க முடியுமா?

இப்போது பூநாரையிடம் திரும்புவோம். வளையத்தில் உள்ள எழுத்தின் உயரம் 1 செ.மீ. என்று வைத்துக் கொள்வோம். கண் மருத்துவரிடம் பெரிய 'ஈ' எழுத்து உள்ள அட்டையைப் பார்த்திருப்பீர்கள். நெதர்லாந்து மருத்துவர் ஸ்நெல்லன் 1862-ல் அமைத்தது அது. ஆங்கில 'ஈ'யில் கிடைக்கோடுகள் மூன்று, அவற்றிடையே இடைவெளிகள் இரண்டு. ஆக ஐந்து பகுதிகள். அந்த ஐந்தையும் பிரித்தறிந்தால்தான் எழுத்தைப் படிக்க முடியும். 10 மி.மீ. உயர எழுத்தில் ஒரு பகுதி 2 மி.மீ.

எனவே, 2 மி.மீ.-ஐப் பிரித்தறியும் தொலைவு எது என்பதே கேள்வி. வெறுங்கண்ணுக்கு 7 மீட்டர். மிரர்லெஸ் காமிராவுக்கு, கூடவே வந்த லென்ஸோடு, 25 மீட்டர். சிறு சூப்பர்ஜூமுக்கு 75 மீட்டர். 63 மி.மீ. துளையுள்ள பறவை லென்ஸோடு மிரர்லெஸுக்கு ஏறக்குறைய 190 மீட்டர். இவை யாவும் கை நடுங்காமல், லென்ஸில் குறையில்லாமல், காற்று அசையாமல் இருக்கும்போது கிடைக்கக்கூடிய உச்ச அளவுகள். நடைமுறையில் இவற்றிலும் குறைவாகவே கிடைக்கும்.

பூநாரைக் கூட்டம் உங்களை 25 மீட்டர் வரை நெருங்க விடுமா? ஐயமே. கலைந்து பறக்கும் பறவைக்கு இரை தேடும் நேரமும் வீண், பறக்கும் சக்தியும் வீண். 75 மீட்டரில் வரப்போரம் அசையாமல் உட்கார்ந்து காத்திருந்தால் வாய்ப்பு உண்டு. ஆகவே, பெட்டியில் வரும் லென்ஸோடு மட்டும் மிரர்லெஸ் வாங்கிக் கொண்டு உப்பளத்துக்குப் போவது, மூன்று வழிகளிலும் மோசமான வழி. கடைக்காரர் சொன்னது பொய்யன்று. ஆனால் அவர் வேறொரு படத்தை மனத்தில் வைத்துச் சொன்னார்!

அந்த வேறொரு படம் எது?

ஜூலை 26-ஆம் நாள் கொடியேறி, ஆகஸ்டு 5-ஆம் நாள் வரை நடைபெறும் பனிமய மாதா பேராலயத் திருவிழாவை நினைத்துக் கொள்ளுங்கள். இரவு நேரம், விளக்கொளி, அகன்ற காட்சி. அல்லது உங்கள் பள்ளி ஆய்வுக்கூடம், ஆண்டு விழா மேடை. இங்கே ஜூம் தேவையில்லை. அகலக் கோணத்தில் வகுத்தலை மறுபடி போடுவோம். சூப்பர்ஜூம்: 4.3 ÷ 3.3 = 1.3 மி.மீ. மிரர்லெஸ்: 16 ÷ 3.5 = 4.6 மி.மீ. இரண்டும் காட்டும் காட்சியின் அகலம் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் மிரர்லெஸ் பெறும் ஒளி 12 மடங்கு! அதே இரண்டு காமிராக்கள். ஆனால் வெற்றி கட்சி மாறி விட்டது பார்த்தீர்களா? பறக்கும் பறவையைத் தொடர்ந்து குவியம் பிடிப்பதிலும் மிரர்லெஸ் காமிராக்கள் பெரும்பாலும் விரைவானவை.

சுருக்கு வழி உண்டா?

"சிறியதாகவும் இருக்க வேண்டும், 190 மீட்டரிலும் படிக்க வேண்டும், அப்படி ஒரு காமிரா இல்லையா?" என்று கேட்கத் தோன்றும். நிக்கான் நிறுவனம் 2018-ல் வெளியிட்ட 'பி1000' காமிராவைப் பாருங்கள். 125 மடங்கு ஜூம். துளை 67 மி.மீ. ஆனால் எடை 1,415 கிராம்! சட்டைப் பை எங்கே, அது எங்கே! 63 மி.மீ. துளையுள்ள 400 மி.மீ. லென்ஸ்களும் ஒரு கிலோவுக்கு மேல் கனப்பவை. விலையும் பெரும்பாலும் காமிராவின் விலைக்குக் குறையாது. அகன்ற துளைக்கு அகன்ற கண்ணாடி வேண்டும். அகன்ற கண்ணாடிக்கு எடையும் பணமும் வேண்டும். இந்த விதிக்கு எந்த நிறுவனத்துக்கும் விலக்கு இல்லை.

உப்பளத்தில் கவனிக்க வேண்டியவை

எந்தக் காமிராவானாலும் உப்பளத்தில் மூன்று எதிரிகள் உண்டு. முதலாவது கானல். வெயில் ஏற ஏற, தரையை ஒட்டிய காற்று சூடாகி, அதன் ஒளிவிலகல் எண் இடத்துக்கு இடம் மாறுகிறது, காட்சி நெளிகிறது. 63 மி.மீ. துளையும் இதற்கு முன் செயலற்றுப் போகும். நண்பகல் 190 மீட்டரைவிட விடியற்காலை 75 மீட்டர் மேல்!

இரண்டாவது உப்புக் காற்று. உப்போடு கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு ஈரத்தை இழுத்துக் கொள்ளும். ஈர உப்பு உலோகத்தை அரிக்கும். வீடு திரும்பியதும் காமிராவின் வெளிப்புறத்தைச் சற்றே ஈரமான துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். மூன்றாவது தூசி. மிரர்லெஸ் காமிராவின் லென்ஸை வரப்பின் மேல் நின்று கழற்றினால், உணர்வி திறந்து கிடக்கும். உப்புத் தூசி நேரே அதன் மேல் படியும். சூப்பர்ஜூமுக்கு இந்த அபாயம் இல்லை. ஆனால் நீண்டு சுருங்கும் அதன் லென்ஸ் குழல், ஊசிமருந்துக் குழல் போலக் காற்றை உள்ளிழுக்கும். காற்றோடு தூசியும் போகும். பழைய சூப்பர்ஜூம் ஒன்றை வாங்குவதானால், குழலை நீட்டிச் சுருக்கி 'கரகர' என்ற ஒலி வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று: உப்பளங்கள் பலருடைய உழைப்பு நிலம். அனுமதி பெற்றே உள்ளே செல்லுங்கள், பாத்தியை மிதிக்காதீர்கள்.

ஆக, எதை வாங்குவது?

முதலில் எதைப் படமெடுக்கப் போகிறோம் என்று எழுதிக் கொள்ளுங்கள். தொலைவிலுள்ள பறவையே நோக்கம், வாங்கப் போவது ஒரே பெட்டி என்றால், சிறு சூப்பர்ஜூம். வகுப்பறை, விழா, இரவுக் காட்சி, பூச்சி, பூ என்று பலவும் வேண்டும், பின்னொரு நாள் பணம் சேர்த்துப் பெரிய லென்ஸும் வாங்குவோம் என்றால், மிரர்லெஸ். நம் சுற்றுச்சூழல் மன்றத்திற்கு வேண்டியது கால்வளையம் என்பதால், இன்றைய பணத்தில் 25 மி.மீ. துளையே சரியான தேர்வு. அதோடு விடியற்காலையில் எழும் பழக்கமும் வேண்டும்!

பணமே இல்லையா? கவலை வேண்டாம். 8 × 40 என்று எழுதிய இரட்டைத் தொலைநோக்கி ஒன்று கிடைத்தால், அதன் முன் கண்ணாடியின் விட்டம் 40 மி.மீ. கண் வைக்கும் இடத்தில் கைப்பேசியின் லென்ஸைப் பொருத்திப் பிடித்துப் படமெடுக்கலாம். கைப்பேசியின் சிறு துளை அந்த 40 மி.மீ. முழுவதையும் பயன்படுத்திக் கொள்ளாவிட்டாலும், தனிக் கைப்பேசியைவிடப் பல மடங்கு தெளிவு கிடைக்கும்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு தாளில் 1 செ.மீ. உயரமுள்ள ஆங்கில 'ஈ' எழுத்தை, ஒவ்வொரு கோடும் ஒவ்வோர் இடைவெளியும் 2 மி.மீ. இருக்குமாறு வரைந்து சுவரில் ஒட்டுங்கள். மெல்லப் பின்னோக்கி நடந்து, மூன்று கோடுகளும் ஒன்றாகக் கலக்கும் தொலைவை அளந்து குறித்துக் கொள்ளுங்கள். ஏழு மீட்டர் அளவில் வருகிறதா? நண்பர்களையும் நடக்கச் சொல்லி ஒப்பிடுங்கள். பிறகு கைப்பேசியாலும், கிடைத்த காமிராக்களாலும் இதையே செய்யுங்கள். ஒவ்வொன்றின் குவியத் தொலைவையும் எஃப் எண்ணையும் தேடிப் பிடித்து, துளையின் விட்டத்தைக் கணக்கிட்டு, தொலைவோடு சேர்த்து ஒரு வரைபடம் வரையுங்கள். துளை பெருகப் பெருகத் தொலைவும் பெருகுகிறதா? எந்தக் காமிரா கணக்கிட்ட தொலைவை எட்டவில்லை? ஏன்?

அடுத்த முறை ஒரு கடையில் '40 மடங்கு', '125 மடங்கு' என்ற கொட்டை எழுத்துகளைக் கண்டால், லென்ஸைச் சுற்றியுள்ள பொடி எழுத்துகளைத் தேடிப் படியுங்கள். ஒரு வகுத்தல் போடுங்கள். பிறகு 67-ஐ வகுங்கள். உப்பளத்து வரப்பில், பூநாரையின் காலில் உள்ள அந்த வளையத்தை உங்கள் காமிரா படிக்குமா, படிக்காதா என்று கடையிலேயே உங்களுக்குத் தெரிந்து விடும்.